தோன்றா எழுவாய்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன் தம்பி, இந்த வண்டியை வாங்காதீர்கள்.

விற்கிறவன் பேசுகிற பேச்சா இது என்று பார்க்கிறீர்கள். விளம்பரம் போட்டது நான் அல்ல, என் மகள் ஆதிரை. துறையூரில் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். அங்கிருந்தபடியே படத்தைப் போட்டு, 'நல்ல கண்டிஷன், ஒரே ஓனர்' என்று எழுதிவிட்டாள். ஒரே ஓனர் என்பது உண்மை. மற்றதற்கு அணியிலக்கணத்தில் உயர்வு நவிற்சி என்று பெயர்.

உட்காருங்கள். அந்த ஸ்டூலை இழுத்துக்கொள்ளுங்கள். பாப்பா ஏன் வெயிலில் நிற்கிறது? நிழலுக்கு வாம்மா. பெயர் என்ன? மேகலாவா. நல்ல பெயர். கல்யாணமாகி எத்தனை மாதம்? மூன்றா? அப்படியானால் ஒருவர் சொல்வது இன்னொருவர் காதில் விழுகிற பருவம்தான். நல்லது, நல்லது.

உங்களுக்கு முன்னால் மூன்று பேர் வந்தார்கள். மூன்று பேரிடமும் உள்ளதைச் சொன்னேன், போய்விட்டார்கள். ஆதிரைக்குக் கோபம். 'அந்த வண்டி வாசல்ல நிக்கிற வரைக்கும் நான் வீட்டுப் படி ஏற மாட்டேன்ப்பா' என்று சொல்லியிருக்கிறாள். சொன்னால் சொன்னதுதான், அவள் என் மகள். அடுத்த வாரம் அவள் அம்மாவுக்கு வருஷத் திதி. மகள் வராமல் திதி கொடுக்க முடியுமா? அதனால் நான் இதை விற்றாக வேண்டும். ஆனால் மறைத்து விற்க மாட்டேன். இந்த அரியலூர் நூலகத்தில் ஆயுசு முழுக்க உட்கார்ந்திருந்தவன் நான். துப்பறியும் கதையில் கடைசிப் பக்கம் கிழிந்திருந்தால் முதலிலேயே சொல்லித்தான் கொடுப்பேன். சில பேர் என்னிடமே கேட்டுக்கொண்டு போவார்கள், 'லைப்ரரி சார், கொன்னது யாரு?' என்று.

என்ன கேட்டீர்கள்? எவ்வளவு கொடுக்குது என்றா?

கேட்டுவிட்டீர்கள். எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி. இந்தக் கேள்வியை என்றைக்காவது நின்று கவனித்திருக்கிறீர்களா? எது கொடுக்கிறது, எதைக் கொடுக்கிறது, யாருக்குக் கொடுக்கிறது? ஒன்றும் கிடையாது. எழுவாய் இல்லை, செயப்படுபொருள் இல்லை. ஆனாலும் தமிழ்நாட்டில் ஒருவனுக்கும் சந்தேகம் வராது. ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று புரிந்துகொண்டு பதில் சொல்லிவிடுவான், அதிலும் பத்து கூட்டிச் சொல்வான். இதற்குத் தோன்றா எழுவாய் என்று பெயர். பள்ளியில் படித்திருப்பீர்கள், மறந்திருப்பீர்கள். 'வந்தேன்' என்றால் உள்ளே 'நான்' ஒளிந்திருக்கிறது. 'வந்தாய்' என்றால் 'நீ'. அதுவரைக்கும் ஆபத்தில்லை. 'கொடுக்குது' என்று வந்துவிட்டால் அஃறிணை, ஒன்றன்பால். எந்த ஒன்று? அதை இடம் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இடம் தவறினால் பொருள் தவறும். இருக்கட்டும், அதற்குப் பிறகு வருகிறேன்.

அறுபது கொடுக்கும். நாற்பது வேகத்தில் போனால் கொடுக்கும். தாண்டினால் கொடுக்காது. நான் தாண்டியதில்லை, ஒரு நாளைத் தவிர.

வண்டியை நன்றாகப் பாருங்கள். கம்பெனி பெயரை நான் சொல்ல மாட்டேன். டாங்கில் ஸ்டிக்கரில் எழுதியிருந்தது, வாங்கிய முதல் மழையிலேயே முதலெழுத்து உதிர்ந்தது. பிறகு கடைசி எழுத்து. நடுவில் இருப்பதை வைத்து எந்த மொழியிலும் ஒரு சொல்லும் தேறாது. சைலன்சரைத் தொடாதீர்கள், துரு கையோடு வரும். செயின் கவர் தகரம் அல்ல, தகரத்தின் தூரத்து உறவு. பக்கவாட்டு மூடி கம்பி போட்டுக் கட்டியிருக்கிறேன், மாட்டுகிற காது ஒடிந்துவிட்டது. ஹெட்லைட் எரிகிறதா என்று தெரிந்துகொள்ள டார்ச் வேண்டும். சைடு ஸ்டாண்டில் ஸ்பிரிங் இல்லை. ஹாண்டில் லாக் வேலை செய்யாது. இந்த இரண்டையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், ஸ்டாண்டு, லாக். பிறகு தேவைப்படும்.

எல்லாம் எனக்கு முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும். வண்டியோடு ஒரு கையேடு கொடுத்தார்கள். நான் படித்தேன். அதை முழுக்கப் படித்த ஒரே தமிழன் நானாகத்தான் இருப்பேன். முதல் பக்கத்திலேயே 'ஓட்டுவதற்க்கு' என்று அடித்திருந்தான். றகர ஒற்றுக்குப் பின்னால் ககர ஒற்று எப்படி ஐயா வரும்? ஒரு மெய்யெழுத்தை எங்கே வைப்பது என்று தெரியாதவன் ஒரு போல்ட்டை எங்கே வைப்பான்? இதை என் மனைவியிடம் சொன்னபோது அவள் கேட்டாள், 'ஒத்து சரியா இருந்தா வண்டி ஓடிருமாக்கும்?' என்று. அன்றைக்குச் சிரித்துவிட்டேன். அன்றைக்கே திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும்.

தையல்நாயகி. அதுதான் அவள் பெயர். வைத்தீஸ்வரன் கோயில் அம்மன் பெயர், நோய் தீர்க்கிறவள். எனக்கு அவள் தையலு.

உங்களுக்குக் கட்டுமானம் என்றால் என்ன என்று தெரிய வேண்டுமானால் அவளைப் பார்த்திருக்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து ஒரு நாள் படுத்தாள் என்று கிடையாது. ஆஸ்பத்திரிக்கு என்று போனது ஆதிரை பிறந்தபோதுதான். விடிகிற நேரம் அடுப்படியில் சத்தம் கேட்கும். சோக் இழுக்க வேண்டாம், உதைக்க வேண்டாம். மார்கழிப் பனியா, ஐப்பசி மழையா, அதெல்லாம் அவளுக்கு ஒன்றுதான். ஒரு செலவு வைத்ததில்லை. அது அந்தக் காலத்து வார்ப்பு தம்பி. இந்த வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள், ஆறாம் மாதமே உள்ளுக்குள் துருப்பிடித்துவிட்டது. வெளியே பளபளப்பு, டாங்கின் உள்ளே துரு. அந்தத் துரு செதில் செதிலாக உதிர்ந்து பெட்ரோலோடு இறங்கிக் கார்பரேட்டரில் போய் உட்காரும். அடைத்துக்கொள்ளும். போய்க்கொண்டே இருக்கும்போது விக்கும், குலுக்கும், நின்றுவிடும். இதுதான் இதன் தலையாய வியாதி. இதைக் கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள், என் வழக்கு முழுவதும் இதில்தான் இருக்கிறது.

மேகலாம்மா, தண்ணீர் ஏதாவது வேண்டுமா? வேண்டாமா? ஓ, தம்பிதான் வேண்டாம் என்றது. சரி.

அடைப்பு வந்தால் என்ன செய்வோம் என்று கேளுங்கள். எங்களுக்குள் ஒரு முறை இருந்தது. பின்னால் உட்கார்ந்திருப்பவளுக்குத்தான் குலுக்கல் முதலில் தெரியும். தோளில் இரண்டு தட்டு தட்டி, 'அடைக்குதுங்க' என்பாள். அடைத்து நின்றால் உதைத்து எடுக்க முடியாது. நான் இரண்டாவது கியர் போட்டு கிளட்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவள் இறங்கி, புடவையைச் செருகிக்கொண்டு, பின்னால் இருந்து தள்ளுவாள். ஓட்டம் பிடித்ததும் நான் கிளட்சை விடுவேன். இருமிக்கொண்டு எடுக்கும். நான் ஆக்சிலேட்டரை முறுக்கிப் பிடித்தபடியே நிற்பேன், அவள் ஓடி வந்து ஏறிக்கொள்வாள். ஒரு வார்த்தை பேச வேண்டாம். அப்படி ஓர் ஒத்திசைவு. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒர்க்ஷாப் வைத்திருக்கிற சூசை ஒரு தடவை பார்த்துவிட்டு, 'சார், உங்க வண்டிக்கு செல்ஃப் ஸ்டார்ட்டு இல்லைன்னு யார் சொன்னா?' என்றான். தையலும் சிரித்தாள். எனக்குச் சிலேடை பிடிக்கும்.

பின்னால் அந்தக் கைப்பிடியைப் பாருங்கள். பச்சைத் துணி சுற்றியிருக்கிறதே, அது அவள் சுற்றியது. குரோமியம் உரிந்து, பிடித்தால் உள்ளங்கை செம்பழுப்பாகிவிடும். கல்யாண வீட்டில் போய்க் கையை நீட்ட முடியவில்லை என்று பழைய புடவையைக் கிழித்துச் சுற்றிவிட்டாள். முடிச்சைப் பாருங்கள். கம்பெனிக்காரன் போட்டதெல்லாம் கழன்றுவிட்டது, அவள் போட்டது நிற்கிறது.

அவளுக்கு வண்டியின் நாடி தெரியும். போன வருஷம் மாசியிலேயே எச்சரித்தாள். 'மேட்டுல ஏறும்போது திணறுதுங்க' என்றாள். ரயில்வே மேம்பாலத்தில் போகும்போது சொன்னாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, ஆனால் அவள் சொன்னால் இருக்கும் என்று அன்றைக்கே சூசையிடம் கொண்டுபோய் நிறுத்தினேன். அவன் ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தான், பிளக்கைப் பார்த்தான், தானே ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தான். 'மேட்டுல நல்லாத்தான் சார் இழுக்குது' என்றான். பங்குனியில் மறுபடியும் சொன்னாள். 'இப்பல்லாம் ரொம்பத் திணறுதுங்க. கொஞ்ச தூரத்துக்கே முடியல.' மறுபடியும் சூசை. புது ஃபில்டரே மாட்டச் சொன்னேன். நான் பார்க்காமல் விட்டேன் என்று எவனும் சொல்ல முடியாது. அவள் வாயைத் திறந்த போதெல்லாம் வண்டியைக் காட்டினேன். சூசைக்குத்தான் கண்டுபிடிக்கத் துப்பில்லை.

ஏன் தம்பி அப்படிப் பார்க்கிறீர்கள்?

சரி, அந்த நாளுக்கு வருகிறேன். உடையார்பாளையத்தில் என் தங்கை பேரனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில்தான் குத்த வேண்டும், அந்தத் தாய்மாமன் வெளிநாட்டில் இருக்கிறான், அவன் இடத்தில் நான் உட்கார வேண்டும் என்று ஏற்பாடு. காலையில் தையல் சொன்னாள், 'இன்னிக்கு பஸ்ஸுல போயிருவோமேங்க.' பார்த்தீர்களா? வண்டி காலை வாரும் என்று அவளுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. நான்தான், வீட்டில் வண்டியை வைத்துக்கொண்டு எவனாவது பஸ்ஸில் போவானா, மேலும் பஸ் நமக்காக நாற்பதில் போகுமா, ஆளை உருட்டிவிடுவான் என்று சொன்னேன். அவள் சீர்த் தட்டை ஒரு பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு ஏறிவிட்டாள். ஏறும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றாள். ஃபுட்ரெஸ்ட் ஆடுகிறது, அதனால்தான். அதுவும் இவர்கள் போட்ட வெல்டிங்தான்.

வி. கைகாட்டி தாண்டினோம். அந்த ரோடு உங்களுக்குத் தெரியும். சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிக்கொண்டு லாரிகள், பின்னாலேயே புழுதி. வெயில் ஏற ஆரம்பித்துவிட்டது. கொஞ்சம் மேடு. வண்டி விக்கியது. குலுக்கியது. தோளில் தட்டு.

'அடைக்குதுங்க.'

'தெரியுது. சூடேறினா சரியாயிரும்' என்றேன். திரும்பவில்லை. எதிரே லாரி.

கொஞ்ச தூரம் போயிருப்போம். மறுபடியும் தட்டு. 'ரொம்ப அடைக்குதுங்க.'

'எனக்கும்தான் தெரியுது தையலு, சும்மா வா.'

இங்கேதான் தம்பி நீங்கள் நியாயம் சொல்ல வேண்டும். அவள் சொன்னது பயனிலை. எழுவாய் சொல்லவில்லை. 'நெஞ்சு' என்று ஒரு சொல், ஓரடி நீளம்கூட இல்லாத ஒரு சொல், அதை முன்னால் வைத்திருந்தால் எனக்குப் புரியாமலா போயிருக்கும்? ஆனால் அவளையும் குற்றம் சொல்ல மாட்டேன். நாம் எல்லாரும் அப்படித்தானே பேசுகிறோம். வலிக்குது என்கிறோம், பசிக்குது என்கிறோம். அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன், என்னையும் குற்றம் சொல்ல முடியாது. ஏனென்றால் வண்டியும் அந்த நேரத்தில் அடைத்துக்கொண்டிருந்தது! இதைத்தான் ஒருவரும் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள். இரண்டும் ஒன்றாக அடைத்தன. ஒரு நல்ல கம்பெனி வண்டியாக, டாங்கில் துருவே இல்லாத வண்டியாக இருந்து, அவள் தோளைத் தட்டி 'அடைக்குதுங்க' என்று சொல்லியிருந்தால் நான் என்ன கேட்டிருப்பேன்? 'எது?' என்று கேட்டிருப்பேன். கேட்டிருப்பேனா இல்லையா? அந்த 'எது'வைக் கேட்க விடாமல் செய்தது எது? இதுதான். இந்த வண்டிதான். பத்து வருஷமாக அடைத்து அடைத்து, அந்தச் சொல்லுக்கு எழுவாயாகத் தானே போய் உட்கார்ந்துகொண்டது.

வக்கீல் ஒருத்தரிடம் போனேன். கம்பெனி மேல் வழக்குப் போட வேண்டும் என்றேன். இப்போது உங்களுக்குச் சொன்னதை எல்லாம் இலக்கணத்தோடு சொன்னேன். பொறுமையாகக் கேட்டார், நல்ல மனுஷன். 'சார், வழக்குன்னா எதிராளின்னு ஒருத்தர் வேணும். அது யாருன்னு வீட்டுக்குப் போய் நிதானமா யோசிங்க' என்றார். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? படித்தவர்களுக்கே புரிவதில்லை.

வண்டி நின்றுவிட்டது. அவள் இறங்கினாள். நான் இறங்கச் சொல்லவில்லை, அதைக் குறித்துக்கொள்ளுங்கள், அவளாகத்தான் இறங்கினாள். பையை டாங்கின் மேல் வைத்தாள். நான் இரண்டாவது கியர் போட்டேன். அவள் தள்ளினாள். தம்பி, அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக ஒரே தள்ளில் எடுத்தது. இருமல்கூட இல்லை. எனக்கு ஒரே சந்தோஷம். முறுக்கிப் பிடித்துக்கொண்டு, 'பாத்தியா தையலு, ஒரே தள்ளு!' என்று திரும்பினேன்.

அவள் கிலோமீட்டர் கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் வேர்வை. அந்த வெயிலில் வேர்க்காதவர்கள் யார்? 'வா, வந்து ஏறு, அணைஞ்சிறப் போகுது' என்று கத்தினேன். அவள் கையை இப்படி, கொஞ்சம் இருங்கள் என்கிற மாதிரி, தூக்கினாள். நான் முறுக்கிக்கொண்டே இருந்தேன். விட்டால் அணைந்துவிடும். அணைந்தால் மறுபடியும் அவள்தானே தள்ள வேண்டும்? அவளுக்காகத்தான் முறுக்கிக்கொண்டு நின்றேன். இறங்கிப் போகலாம் என்றால் ஸ்டாண்டு நிற்காது, ஸ்பிரிங் இல்லை, ஞாபகம் இருக்கிறதா?

பின்னால் வந்த லாரி நின்றது. டிரைவர் பவுன்ராசு, பெயரெல்லாம் பிறகு தெரிந்துகொண்டதுதான், குதித்து ஓடி வந்தார். 'யோவ் பெருசு, அந்தம்மா சரிஞ்சு கெடக்கு, நீ முறுக்கிக்கிட்டு நிக்கிற?' என்று கத்தினார். அப்போதுதான் பார்த்தேன். கல்லில் அவள் இல்லை, கல்லுக்குப் பக்கத்தில் கிடந்தாள்.

வண்டியை லாரியின் மேல் சாய்த்து வைத்துவிட்டு, அவரும் நானுமாகத் தூக்கி லாரியில் ஏற்றினோம். கண் திறந்துதான் இருந்தது. என் சட்டையைப் பிடித்திருந்தாள், விரலைப் பிரித்து எடுத்துவிட்டுத்தான் நான் இறங்க வேண்டியிருந்தது. 'ஏறுங்கய்யா, ஆஸ்பத்திரிக்குப் போவோம்' என்றார் பவுன்ராசு. 'நீங்க முன்னால போங்க, நான் வண்டியில பின்னாலயே வந்துர்றேன்' என்றேன்.

ஹாண்டில் லாக் வேலை செய்யாது தம்பி. அந்த ரோட்டில் எப்படி விட்டுவிட்டுப் போவது?

லாரி அரியலூருக்குத் திரும்பியது. நான் உதைத்தேன், உடனே எடுத்தது, பின்னாலேயே போனேன். நாற்பதாவது ஐம்பதாவது, எழுபதைத் தாண்டியிருக்கும். மீட்டர் முள் எப்போதோ செத்துவிட்டது, சத்தத்தை வைத்துச் சொல்கிறேன். எதிர்க்காற்றில் கண்ணில் தண்ணீராகக் கொட்டுகிறது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், அவ்வளவு தூரமும் அது ஒரு தடவை விக்கவில்லை. ஒரு தடவை குலுக்கவில்லை. புது வண்டி மாதிரி வந்தது. அதுதான் என் ஆத்திரம். வழியில் நின்று தொலைத்திருந்தால், நான் அதைப் பள்ளத்தில் தள்ளிவிட்டு அடுத்த லாரியில் ஏறியிருப்பேன். நிற்க வேண்டிய நேரத்தில் நிற்காது. இதை நம்பி எப்படி ஐயா ஒரு மனுஷன் வாழ்வது?

ஆஸ்பத்திரி வாசலில் நான் வண்டியை நிறுத்தும்போது பவுன்ராசு தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வழியில் பாலக்கட்டை தாண்டும்போதே அடங்கிவிட்டதாம்.

அவரிடம் கேட்டேன், ஏதாவது சொன்னாளா என்று. 'வெளிய இருக்கிற கண்ணாடியையே பாத்துக்கிட்டு வந்தாங்கய்யா. வருதா, வருதான்னு கேட்டுக்கிட்டே வந்தாங்க. வருதும்மா, வருதும்மான்னு நானும் சொல்லிக்கிட்டே வந்தேன்' என்றார்.

வருதா.

கவனியுங்கள். என்னைக் கேட்டிருந்தால் 'வர்றாங்களா' என்று கேட்டிருப்பாள். இத்தனை வருஷத்தில் அவள் என்னை மரியாதை இல்லாமல் ஒரு சொல் சொன்னதில்லை. 'வருதா' என்றால் அஃறிணை. வண்டியைத்தான் கேட்டிருக்கிறாள். வழியில் நின்றுவிடுமோ, இவர் தனியாக மாட்டிக்கொள்வாரோ, தள்ள ஆள் இல்லையே என்று. அப்படித்தான் இருக்கும். நான் எத்தனையோ இரவு யோசித்துப் பார்த்துவிட்டேன், இலக்கணப்படி வேறு பொருள் கொள்ள இடமில்லை.

ஆதிரை ஒரே ஒரு தடவைதான் கேட்டாள், காரியம் முடிந்த அன்றைக்கு. 'லாரியில நீங்க ஏன்ப்பா ஏறல?' நான் அவளை வாசலுக்குக் கூட்டிவந்து, சாவியைப் போட்டு ஹாண்டிலைத் திருப்பி, லாக் விழவில்லை என்று செய்தே காட்டினேன். அவள் லாக்கைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு போனில் சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா, அவ்வளவுதான். வண்டியின் மேல் அவளுக்கு அவ்வளவு வெறுப்பு.

என்ன தம்பி? என்னவோ கேட்க வந்தீர்கள், கேளுங்கள்.

'மாசியிலே திணறுதுன்னு அவங்க சொன்னது...' என்றா? சொன்னது என்ன? வண்டியைத்தான். மேம்பாலத்தில் சொன்னாள் என்றேனே. பிறகு எதை? இல்லை, வீட்டு மாடிப்படியிலும் ஒரு நாள் சொன்னாள், துணி காயப்போட ஏறும்போது. அன்றைக்கும் நான்... அன்றைக்கும் சாயங்காலம் சூசையிடம்தான்...

வெயில் ஏறுகிறது. உங்களுக்கு நேரமாகிறது. நீங்கள் போய் வேறு வண்டி பாருங்கள்.

ஓட்டிப் பார்க்கிறீர்களா? இவ்வளவு சொன்ன பிறகுமா? ஆமாம், ஆலைக்கு ஷிப்டுக்குப் போக பஸ் கிடையாது, புது வண்டிக்குக் கட்டுப்படியாகாது, ஒப்புக்கொள்கிறேன். எனக்கும் இதை வாங்கிய அன்றைக்கு அதே கதைதான். சரி, இந்தாருங்கள் சாவி. அந்தப் பச்சைத் துணியை மட்டும் நான் அவிழ்த்துக்கொள்கிறேன். வண்டியோடு அதைக் கொடுக்க முடியாது.

முடிச்சு வர மாட்டேன் என்கிறது.

வேண்டாம், இருக்கட்டும். பாப்பா எதைப் பிடித்துக்கொள்ளும்?

உதையுங்கள். பார்த்தீர்களா, ஒரே உதை! விற்கிற நாளில் எவ்வளவு சமர்த்து. துரோகி. ஏறும்மா மேகலா, பார்த்து, ஃபுட்ரெஸ்ட் ஆடும். பிடித்துக்கொண்டாயா? கியர் முன்னால் மிதிக்க வேண்டும் தம்பி. கிளட்சை மெதுவாக. முறுக்குங்கள், அணைந்துவிடப் போகிறது, முறுக்குங்கள்...

நிறுத்துங்கள். தம்பி, நிறுத்துங்கள்! அணைந்தால் அணையட்டும். ஸ்டாண்டு நிற்காவிட்டால் கீழே விழட்டும், போட்டுவிட்டு இறங்குங்கள். பாப்பா என்னவோ சொன்னது. உங்கள் முதுகுக்குப் பின்னால்தானே இருக்கிறது, உங்களுக்குக் கேட்கவில்லையா? 'சுத்துதுங்க' என்றது. சக்கரமா, துப்பட்டா சக்கரத்தில் சுற்றுகிறதா, தலையா, எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. தெரிந்த மாதிரி முறுக்காதீர்கள். திரும்பி அவள் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள்.

மேகலாம்மா, நீ சொல்லு. எதும்மா? எது சுத்துது?